மாதம் 3 ரூபாய் சந்தாவில் முளைத்த ஊட்டி பூங்கா: சதுப்பு நிலத்தை சோலையாக்கிய தோட்டக்காரர் மெக்ஐவர்

ஊட்டி: ஊட்டிக்கு வரும் சுற்றுலா பயணிகள் பஸ்சை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது அரசு தாவரவியல் பூங்காவுக்கு வழி எது என்றுதான். மே மாதம் மலர் கண்காட்சி வந்துவிட்டால் கூட்டம் அலைமோதும். ஆனால் 55 ஏக்கரில் பரந்து கிடக்கும் இந்த பூங்கா, காய்கறி பஞ்சத்தில் பிறந்தது என்பது பலருக்கு தெரியாது.

1840களில் ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்கவில்லை. ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் தொடங்கினர். சந்தா கட்டியவருக்கு காய்கறி இலவசம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் இழுத்தது. கொஞ்ச காலத்திலேயே கை கடித்து, திட்டம் படுத்துவிட்டது.

அதன் பிறகுதான் பொதுப்பூங்கா யோசனை வந்தது. சென்னை மாகாண கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு இதற்கு கை கொடுத்தார். நல்ல தோட்டக்காரர் வேண்டும் என்று லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு தகவல் போனது. அங்கிருந்து அனுப்பப்பட்டவர்தான் வில்லியம் கிரகாம் மெக்ஐவர்.

ஸ்காட்லாந்துக்காரரான மெக்ஐவர், 1848 மார்ச்சில் ஊட்டியில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25ஐ கூட தாண்டவில்லை. கொடுத்த இடமோ லேசுப்பட்டது இல்லை. மேல்பக்கம் செங்குத்தான சரிவில் அடர்ந்த காடு. கீழ்பக்கம் கால் வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பு. நடுவில் ஆழமான பள்ளங்கள். ஒரு அங்குலம் கூட சமதளம் இல்லை.

மனுஷன் அசரவில்லை. தண்ணீரை வடித்தார். பள்ளங்களை சரிசெய்தார். சரிவை படிப்படியாக வெட்டி புல்வெளி, நடைபாதை அமைத்தார். வெளிநாட்டு மரங்களை கொண்டுவந்து நட்டார். இதற்கெல்லாம் சுமார் 10 வருஷம் பிடித்தது. பூங்கா என்றாலே மெக்ஐவர் பெயர் வருகிறது. ஆனால் குளிரில் மண் சுமந்த கூலி ஆட்களின் பெயர் வருவதில்லை. பூங்காவுக்கு மேலே இன்றும் தோடர் மந்து இருக்கிறது. இந்த மலை தோடர்கள் எருமை மேய்த்த பூமி.

மெக்ஐவரின் வேலை பூச்செடியோடு முடியவில்லை. அந்த நாளில் மலேரியா காய்ச்சல் ஊர் ஊராக உயிரை பறித்தது. அதற்கு மருந்தான கொயினா, தென் அமெரிக்காவில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் இருந்து எடுக்கப்பட்டது. விலையோ ஏழைக்கு எட்டாத உயரம்.

இங்கேயே வளர்க்க முடிவானது. 1860ல் கப்பலில் வந்த செடிகள் பட்டுப்போயின. 1861ல் வந்த நாற்றுகளையும் விதைகளையும் வைத்து மெக்ஐவர் மீண்டும் முயன்றார். கிளையை வெட்டி பதியம் போட்டு பெருக்கினார். தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் சின்கோனா தோட்டங்கள் எழும்பின. பட்டைக்காக மரத்தையே வெட்ட வேண்டாம், கொஞ்சம் உரித்துவிட்டு அந்த இடத்தை பாசியால் மூடினால் பட்டை மறுபடி வளரும் என்று காட்டியவரும் இவரே.

இதிலும் ஒரு வேதனை உண்டு. நடுவட்டம் தோட்டத்தில் சீன கைதிகளை வைத்து வேலை வாங்கினர். காய்ச்சலில் இருந்து உயிர் காத்த மருந்துக்கு பின்னால் அவர்கள் வியர்வையும் இருக்கிறது.

பிற்காலத்தில் கொயினா விலை சரிந்து, தபால் ஆபீசில் சின்ன பொட்டலமாக விற்கும் நிலை வந்தது. அதை பார்க்க மெக்ஐவர் இல்லை. 1876 ஜூன் 8ந்தேதி ஊட்டியிலேயே இறந்தார். 28 வருஷம் உழைத்த ஊரிலேயே, புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த முறை பூங்காவுக்கு போகிறவர்கள் புல்வெளியில் போட்டோ எடுப்பதோடு நிற்காமல், அந்த சரிவையும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கலாம். காடும் சேறுமாக கிடந்த இடம் அது.