அதிக ஓட்டு வாங்கியும் தோத்த ஜாக்சன்

பிறக்குறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டார். சுதந்திரப் போர் நடந்த வருஷங்கள்ல ரெண்டு அண்ணன்களும் அம்மாவும் போயிட்டாங்க. 14 வயசுல அநாதை. 1767-ல் பிறந்த ஆண்ட்ரூ ஜாக்சன் அப்புறம் வக்கீல் ஆனார், தளபதி ஆனார். 1815-ல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்ததும் நாடே கொண்டாடியது.

1824-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். மக்கள் ஓட்டில் அவர்தான் முதலிடம். ஆனா அமெரிக்காவில் ஜனாதிபதியை முடிவு பண்றது எலெக்டோரல் காலேஜ். (பேர்லதான் காலேஜ், அட்டெண்டன்ஸ் எல்லாம் கிடையாது!) மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்கள்னு கணக்கு. அப்போ 6 மாநிலங்களில் தேர்வாளர்களை நியமித்தது மக்கள்கூட இல்லை, சட்டசபைதான்.

மொத்தம் 261-ல் 131 வேணும். ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, மிச்சம் ரெண்டு பேருக்குப் பிரிஞ்சு போச்சு. பெரும்பான்மை இல்லாததால் விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ, ஒரே ஓட்டு. 24-ல் 13 வாங்கி ஆடம்ஸ் ஜெயிச்சுட்டார். நாலாவதா வந்த சபாநாயகர் ஹென்றி கிளே ஆடம்ஸை ஆதரிச்சார். பிறகு வெளியுறவு அமைச்சரும் ஆனார். பேரம்னு நிரூபிக்க யாராலும் முடியலை. ஆனா ஜாக்சன் கடைசிவரை அப்படித்தான் நம்பினார்.

1828-ல் 178-க்கு 83 என்று ஆடம்ஸையே தோற்கடித்தார். எனக்குப் பிடிச்சது இதுக்கப்புறம் நடந்தது. ஜெயிச்சவங்க பொதுவா விதியை மறந்துடுவாங்க. இவர் 1829 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய முதல் ஆண்டுச் செய்தியிலேயே, இடையில் தேர்வாளர்களே வேண்டாம், முதல் சுற்றில் முடிவாகலைன்னா முதல் ரெண்டு பேருக்கு மறு ஓட்டெடுப்பு வைங்க என்று கேட்டார். ஒருத்தருக்கு ஒரு பதவிக்காலம் போதும்னும் சொன்னார். (1832-ல் அவரே திரும்ப நின்னார், அது வேற கதை.)

ஆனா அவர் சொன்ன 'மக்கள்' யாரு? அவர் அடிமைகளை வைத்திருந்தவர். ஓட்டே இல்லாத அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துத்தான் தென்மாநிலங்களுக்குத் தேர்வாளர் எண்ணிக்கை கூடியது. மாநிலங்களின் அந்த எடையை அப்படியே வச்சுக்கலாம்னுதான் அவர் திட்டமும் சொன்னது. பூர்வகுடிகளைத் துரத்திய 1830 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் இவரே.

அடுத்தடுத்த வருஷங்களிலும் கேட்டார். நாடாளுமன்றம் அசையலை. அரசியல் சட்டத்தைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் நாலில் மூன்று பங்கு மாநிலங்கள் வேணுமே. 1845-ல் ஜாக்சன் இறந்தார். இன்னைக்கு ஜெயிக்க 270 வேணும். யாருக்கும் அது வரலைன்னா, இப்பவும் சபையில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டுதான்.