பென்னிகுயிக் இங்கிலாந்து வீட்டை வித்துத்தான் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டினாரா? உண்மை என்ன?

தை பிறந்தால் தேனி மாவட்டத்தில் சூரியனோடு சேர்த்து ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கும் பொங்கல் வைப்பாங்க. அவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். பிறந்தநாள் ஜனவரி 15.

போடி, கம்பம் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வரும். அணை பாதியில் நின்றபோது இங்கிலாந்தில் இருந்த வீட்டையும் மனைவியின் நகையையும் வித்து மீதியைக் கட்டினார் என்பதுதான் அது. இங்கிலாந்து கிராமத்து வீடுன்னதும் மரச்சட்டம், வைக்கோல் கூரைன்னு ஒரு படம் மனசுல ஓடும். ஆனா அவர் வாழ்க்கை வேற மாதிரி.

பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, 1841-ல் புனேயில். எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, சிலியன்வாலா போரில் அப்பாவும் 17 வயது அண்ணனும் ஒரே நாளில் இறந்தாங்க. அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியில் படித்து, 1860-ல் இன்ஜினியராக இந்தியா திரும்பினார்.

அப்போ ஏலமலைக்கு மேற்கே கொட்டும் மழை கடலுக்குப் போகும். மலைக்குக் கிழக்கே போடி, கம்பம், மதுரை காயும். 1876-78 பஞ்சம் இந்தப் பக்கத்தை உலுக்கியது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு 1882-ல் முழுத் திட்டம் போடும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

1887-ல் வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துப் போச்சு. மலேரியா கூலித் தொழிலாளர்களைக் கொன்றது. அவங்க பேருக்குப் பொங்கல் வைக்க ஆளில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து 155 அடி உயர அணை எழுந்தது. மலையைக் குடைந்து சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம் போட்டாங்க. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார்.

அப்போ வீட்டுக் கதை? திட்டத்துக்குச் செலவழித்தது மெட்ராஸ் அரசுதான். வேலையில் இருந்த இன்ஜினியர் மெக்கன்சி 1899-ல் திட்டத்தின் வரலாற்றையே புத்தகமாக எழுதியிருக்கார். பென்னிகுயிக்கும் வீடில்லாமல் போகலை. ஓய்வுக்குப் பிறகு கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரித் தலைவரானார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் தன் வீட்டில்தான் இறந்தார்.

சொத்தை வித்தாலும் விற்காவிட்டாலும், அந்தத் தண்ணி இன்னைக்கும் 18-ஆம் கால்வாய் வழியா உத்தமபாளையம், போடி தாலுகா கண்மாய்களுக்கு வருது. லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தாச்சு. கேம்பர்லியில் தமிழக அரசு சார்பில் 2022-ல் சிலையும் வெச்சாச்சு. அவர் கல்லறை பக்கத்து ஊரான ஃபிரிம்லியில், செயின்ட் பீட்டர்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கு.