லாஸரோ ஸ்பல்லன்ஸானி

மாமல்லபுரத்திற்கு வடக்கே, செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையைச் சார்ந்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தாரின் பரிசோதனை நிலையம் ஒன்று உளது. கொடுவா மீனை அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முயற்சி, நம் நாட்டில் முதன்முதல் 1997-ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தாருக்கே கைகூடிற்று. கொடுவாவோ இளமையில் ஆணாயிருந்து, வயதேறியபின் பெரும்பாலும் பெண்ணாக மாறிவிடும் இயல்பினது. இவ்வாண்டு விந்தளித்த சிறந்த மீன் சில ஆண்டுகள் கழித்து ஆணாகவே இராது. அதன் விந்தை உறையவைத்துக் காப்பாற்றினாலன்றி அக்குலச் சிறப்பை வேண்டியபோது பெறுதல் அரிது. குளிரில் விந்து உயிரோடிருக்குமோ என்று முதலிற் சோதித்தவர்களுள் ஒருவர் இத்தாலி தேசத்துப் பேரறிஞர் ஸ்பல்லன்ஸானி. அவர் வரலாற்றைச் சிறிது கூறுவோம்.

அவர் 1729-ல் ஸ்காண்டியானோ என்னும் ஊரிற் பிறந்தார். பொலோனியா சர்வகலாசாலைக்குச் சட்டம் பயிலச் சென்றவரை, அங்குப் பௌதிகம் போதித்துவந்த உறவினராகிய லாரா பாஸி அம்மையார் இயற்கை ஆராய்ச்சியின்பால் திருப்பினார். அக்காலத்தே ஒரு பெண்மணி அவ்வாசனத்தில் வீற்றிருந்தமை நம் மாணவியர் கருதத்தக்கது. பின்னர்க் குருப்பட்டமும் பெற்று, 1769 முதல் 1799-ல் இறக்குமளவும் பாவியா சர்வகலாசாலையில் ஆசிரியராய் விளங்கினார். அவர் வௌவால்களை ஆராய்ந்தது முதலியவற்றை விரிக்க இங்கு இடமில்லை.

ஆண் தவளைகளுக்குத் துணியாற் சிறு கால்சட்டை தைத்து மாட்டினார்! நகைப்பிற்கிடமாயினும் அருமையான சோதனை அது. பெண் தவளைகள் இட்ட முட்டைகள் பொரியவில்லை. கால்சட்டையிற் தங்கிய துளியைத் தடவியவுடன் முட்டைகள் கருவுற்றன. பின்பு விந்தை வடிதாளில் வடிகட்டினார். வடிந்த நீர் பயன்படவில்லை. தாளில் தங்கியதே கருவுறச் செய்தது. அங்ஙனமிருந்தும், விந்தணுக்களுக்கு அதிற் பங்கில்லை என்றே அவர் கொண்டார். கண்ணெதிரே இருந்த சான்றினும் பழைய கொள்கை அவருக்குப் பெரிதாயிற்று போலும்.

1776-ல் அவர் வெளியிட்ட செய்தியே நமக்கு வேண்டுவது. பனியிற் குளிரவைத்த விந்தணுக்கள் அசைவொழிந்தன. வெப்பம் பெற்றதும் மீண்டும் அசைந்தன. ஆனால் கடுங்குளிரில் உறைந்து மீளச் செய்யும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை. நீர் பனிக்கட்டியாகுங்கால் அணுவின் மெல்லிய சவ்வு சிதையும். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ் முதலியோர் கிளிசரின் கலந்தால் சேவலின் விந்து பிழைக்குமெனக் கண்டனர். 1953-ல் பிளாக்ஸ்டர் என்பார் ஹெர்ரிங் மீனின் விந்தை உறையவைத்து, வேறு பருவத்தில் முட்டையிடும் அவ்வின மீனோடு சேர்த்தார்.

மீன்விந்தில் வேறொரு தொல்லையும் உண்டு. மீனின் உடலுள் அவ்வணுக்கள் உறங்கிக் கிடக்கும். கடல்நீர் பட்டதும் விழித்து நீந்திச் சில நிமிஷங்களில் வலியிழக்கும். ஆகவே காப்புநீர் அவற்றை முன்னரே எழுப்பிவிடலாகாது. குளிர்விக்கும் வேகமும் அளவறிந்ததாதல் வேண்டும்: விரைந்தால் அணுவினுள்ளே பனி கட்டும், தாமதித்தால் நீர் வற்றி உப்பு மிகும். இவற்றைக் கடந்தவையே பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்காகத் தங்கும். நம் கழிமுகங்களில் வாழும் மடவையின் விந்தை இவ்வாறு காக்கும் ஆராய்ச்சியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்டனர். மீன்முட்டையோ பருத்து, மஞ்சட்கரு நிறைந்திருப்பதால், இம்முறைக்கு எளிதில் இணங்குவதில்லை.