வென்றபின் அண்ணா: 1967 தேர்தலும் இணக்க அரசியலும்

1967 பிப்ரவரியில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் 137 இடங்களையும் காங்கிரசு 51 இடங்களையும் பெற்றன. இவ்வெண்கள் மாநிலம் முழுவதும் ஒருபுறம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றச் செய்வன. வாக்குகளை நோக்கினால் நிலைமை வேறு. இரு கட்சிகளும் நாற்பது விழுக்காட்டைச் சற்றே கடந்து நின்றன. காங்கிரசின் விழுக்காடு சிறிது மிகுதியும்கூட. கூட்டணிக் கட்சிகளுக்கு இடம் விட்டுக் கழகம் 174 தொகுதிகளில் மட்டுமே போட்டியிட்டதை இங்குக் கருத வேண்டும். எவ்வாறாயினும், ஆட்சி கைமாறியபோது மக்கள் இருகூறாகவே இருந்தனர். அந்நாட்டை ஆளும் பொறுப்பு காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரையிடம் வந்தது.

1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் பயின்று, பெரியாரின் இயக்கத்தில் எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் வளர்ந்தார். மாற்றுத் தரப்பை அணுகும் முறையில் அவர் ஆசிரியரினின்றும் வேறுபட்டதை 1947 ஆகஸ்ட் 15 வெளிப்படுத்தியது. அந்நாளைத் துக்க நாளாகக் கொள்ளுமாறு பெரியார் அறிவிக்க, விடுதலையை வரவேற்கத்தக்க நிகழ்வாகவே அண்ணா கண்டார். 1949இல் இயக்கம் பிளந்தது. புதிய கட்சியின் தலைவர் நாற்காலியை அவர் பெரியாருக்கென வெறுமையாக விட்டுவைத்தார். இதனை உணர்ச்சி வெளிப்பாடு என ஒதுக்கிவிடலாம். ஆயினும் திரும்பிச் செல்லும் வழியை அடைக்காத இயல்பு அதில் புலப்படுகிறது.

அண்ணாவை ஒற்றுமையின் வடிவமாக மட்டுமே காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் தம் முதல் உரையில் அவர் வலியுறுத்தியது திராவிட நாட்டுப் பிரிவினையையே. அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் அப்பரப்புரையை நிறுத்தினார். பிரிவினைக் கோரிக்கைக்கு எதிரான அரசமைப்பின் பதினாறாம் திருத்தம் 1963இல் நிறைவேறியபின் கட்சியும் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. இதனைச் சட்டத்துக்கு அஞ்சிய உத்தி என்பாரும் உளர். மனமாற்றம் என்பாரும் உளர். போர்க்கால நிறுத்தம் திருத்தத்துக்கு முந்தியது என்னும் காலவரிசை முதற்கூற்றைத் தளர்த்துகிறது, முற்றிலும் மறுக்கவில்லை. 1965 குடியரசு நாளைத் துக்க நாளாக அறிவித்ததும் அவருடைய கட்சியே. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் பலர் மாண்டனர். அப்பகைமையின் ஊடாகவே 1967 வெற்றி விளைந்தது. விருதுநகரில் காமராசரும் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றனர்.

ஆகவே, வென்றபின் அவர் செய்தவற்றைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் தகும். பெரியார் அத்தேர்தலில் காங்கிரசுக்காகப் பரப்புரை செய்தவர். 18 ஆண்டுகளாகக் கழகத்தைக் கடுமையாகச் சாடிவந்தவர். மார்ச் 6 அன்று பதவியேற்குமுன் அண்ணா திருச்சிக்குச் சென்று அவரைக் கண்டார். இராசாசி கூட்டணியின் மூத்த துணைவராக இருந்த வேளையில் இச்செலவு இடர் நிறைந்தது. அதனை அறியாதவரல்லர் அண்ணா.

இதனினும் ஆழ்ந்த சான்று மாநிலப் பெயர் மாற்றம். தமிழ்நாடு என்னும் பெயரை வேண்டி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956இல் உயிர்நீத்தார். அவர் கழகத்தவர் அல்லர், காந்தியவழியினர். மறு ஆண்டு கழகம் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் காங்கிரசுப் பெரும்பான்மையால் தோற்றது. 1967 சூலை 18 அன்று முதலமைச்சராக அண்ணா அத்தீர்மானத்தை முன்மொழிந்தபோது காங்கிரசு உறுப்பினரும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றினர். தன் பெரும்பான்மையைக் கொண்டே நிறைவேற்றியிருக்கக்கூடிய ஒன்றை முழு அவையின் உடைமையாக்கியமையே இங்குக் குறிக்கத்தக்கது. தனிநாடு கேட்டவர், இந்திய ஒன்றியத்துக்குள் ஒரு மாநிலத்தின் பெயரில் நிறைவு கண்டார் என்பதும் எண்ணத்தக்கது. தில்லியுடன் பூசல் ஓய்ந்துவிடவில்லை. 1968 சனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. ஆயின் அது பிரிவினையின் மொழியில் எழவில்லை; கூட்டாட்சியில் உரிமை கோரும் மொழியில் எழுந்தது.

கட்சிகளுக்கிடையே இணக்கம் நாடிய இவ்வாட்சி, ஊர்களுக்குள் இருந்த பிளவை எட்டவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் வேளாண் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டனர். அண்ணாவின் இணக்க அரசியலைப் போற்றும் வரலாறுகள் பலவும் இந்நாளை விரைந்து கடந்துவிடுகின்றன. சட்டமன்றத்தின் ஒருமனமும் கீழத்தஞ்சையின் தீயும் ஒரே ஆட்சிக்காலத்தவை.

அப்போது அண்ணா, நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் பெற்றுத் திரும்பியிருந்தார். 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபது நாள் கழித்து, பிப்ரவரி 3 அன்று, அவர் மறைந்தார்.