கரடியோடு ஒரே வீட்டில்



இந்தப் பகுதியில் நாம் வழக்கமாக அருளாளர்களையும் சமூகத் தொண்டர்களையும் பற்றித்தான் படிக்கிறோம். இந்த மாதம் நான் எடுத்துக்கிட்ட ஆள் வேற மாதிரி. அவர் இந்துவும் இல்லை, தமிழரும் இல்லை. நம்ம வட்டாரத்தை ஆண்ட வெள்ளைக்காரர்களில் ஒருவர். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் சிங்கப்பூரோடு சேர்த்து நீங்க மனப்பாடம் பண்ணின பேர்தான்: சர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். ஆனால் நான் சொல்லப்போறது சிங்கப்பூர்க் கதை இல்லை. அந்த மனிதர் ஒதுக்குப்புறமான ஒரு கடற்கரை ஊரில், ஒரு கரடியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த கதை.

இதை இப்ப எதுக்குச் சொல்லணும்? 2019-ஆம் ஆண்டு நம்ம கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் வழியாக ஒரு கரடிக்குட்டி தலையை நீட்டிக் கத்திய காணொளி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது, ஞாபகம் இருக்கா? வனவிலங்குத் துறை அதிகாரிகள் போய் அதை மீட்டார்கள். அந்தக் குட்டி எந்த இனமோ, அந்த இனத்துக்கு அறிவியல் பேர் வைத்தவரே இந்த ராஃபிள்ஸ்தான். அதனால அவர் கதை நமக்கும் வேண்டிய கதை.

ராஃபிள்ஸ் பிறந்ததே கடல்மேல். 1781 ஜூலை 6-ஆம் தேதி, ஜமைக்கா தீவுக்கு அருகில் ஒரு கப்பலில். அப்பா கப்பல் தலைவர். ஆனால் வீட்டில் காசு இல்லை. பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் மூன்றாம் படிவத்தில் இருக்கும் வயசு அது. பகலில் வேலை, இரவில் சொந்தமாகப் படிப்பு. 1805-இல் பினாங்குக்கு அனுப்பப்பட்டபோது, கப்பலில் வரும்போதே மலாய் மொழி கற்றுக்கொண்டார்.

மலாக்காவில் இருந்த காலத்தில் அவர் வீடு பாதி அலுவலகம், பாதி காட்டு விலங்குக் கொட்டகை. அவரிடம் எழுத்தராக வேலை பார்த்த இளைஞர்தான் பிற்காலத்தில் மலாய் இலக்கியத்தில் பெரும்பேர் பெற்ற அப்துல்லா முன்ஷி. நாகூர்த் தமிழ் வழித்தொடர்பு உள்ள குடும்பம் அவருடையது. விலங்கு, பூச்சி, செடி, சிப்பி எல்லாம் சேகரிக்க ராஃபிள்ஸ் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்ததை அப்துல்லா தம் நூலில் விவரித்திருக்கிறார். ஓராங் ஊத்தானுக்குக் காற்சட்டை, மேல்சட்டை, தொப்பி எல்லாம் மாட்டி நடமாட விட்டிருந்தார்களாம். படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் குரங்குக்கு எப்படி இருந்திருக்கும்னு தோணும்.

1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்டார். நம்ம சமயத்துக்கும் இங்கே ஒரு தொடர்பு இருக்கு. இந்து ஆலயமான பிரம்பானான், பௌத்தப் பெருங்கட்டடமான போரோபுதூர் ஆகியவற்றை அளந்து வரைந்து ஆவணப்படுத்த ஏற்பாடு செய்தவர் அவர். 1817-இல் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் அவற்றை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அதே ராஃபிள்ஸின் ஆட்சியில்தான் 1812-இல் பிரிட்டிஷ் படை யோக்யகர்த்தா அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தது. முதல் மனைவி ஒலிவியா 1814-இல் ஜாவாவிலேயே இறந்தார். ஒரே மனிதரிடம் இத்தனையும் இருந்தது. ஒன்றை மட்டும் வைத்து அவரை நல்லவர், கெட்டவர் என்று எடைபோட்டுவிட முடியாது.

இனி நம்ம கதைக்கு வருவோம். 1818 மார்ச்சில், இரண்டாவது மனைவி சோஃபியாவோடு அவர் பென்கூலன் வந்து இறங்கினார். சுமத்ராவின் மேற்குக் கரை, எதிரே முடிவில்லாத இந்தியப் பெருங்கடல். இன்றைக்கு அதன் பேர் பெங்குலு. கம்பெனிக்கு அங்கே மிளகு வியாபாரம், மால்பரோ கோட்டை என்று ஒரு கோட்டை. கோட்டையைக் காக்க இந்தியச் சிப்பாய்கள். சாலை போடவும் கூலி வேலைக்கும் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் நிலநடுக்கம் வந்து கட்டடங்கள் விரிசல் விட்டுக் கிடந்தன. யாருக்கும் பிடிக்காத ஊர் அது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வெள்ளைக்காரர், கறுப்பர் என்று பார்க்காமல் ஆளைக் கொண்டுபோன ஊர்.

அந்த ஊரை அவர் வேறு கண்ணால் பார்த்தார். வந்த இரண்டே மாதத்தில் காட்டுக்குள் போனார். அந்தப் பயணத்தில்தான் மருத்துவர் ஜோசஃப் ஆர்னால்டு உலகிலேயே மிகப்பெரிய பூவைக் கண்டார். ரஃப்ளேசியா என்று நாம் சொல்லும் அந்தப் பூவின் பேரில் இந்த இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். பூவைக் கண்ட சில வாரங்களிலேயே ஆர்னால்டு காய்ச்சலில் இறந்துபோனார். கம்பெனி அங்கே வைத்திருந்த ஆப்பிரிக்க அடிமைகளை ராஃபிள்ஸ் விடுதலை செய்ததும் அதே ஆண்டில்தான்.

இடையில் 1819-இல் சிங்கப்பூரில் கொடி நட்டார். அவருடைய இரண்டாவது சிங்கப்பூர்ப் பயணத்தில் பினாங்கிலிருந்து கூட வந்த நாராயண பிள்ளைதான் பின்னர் 1827-இல் அங்கே மாரியம்மன் கோயிலை எழுப்பினார். சிங்கப்பூர் போனால் எத்தனையோ பேர் அந்தக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறோம். கோயிலுக்குப் பின்னால் இப்படி ஒரு பயணம் இருப்பதையும் தெரிஞ்சுக்குங்க.

பென்கூலன் வீட்டில் வளர்ந்த கரடி, நெஞ்சில் மஞ்சள் பிறை போட்ட சூரியக் கரடி. மலாயில் பெருவாங் மத்தஹாரி. உலகத்துக் கரடிகளிலேயே உருவத்தில் சின்னது இதுதான். குட்டியாக வந்த அது, ராஃபிள்ஸின் பிள்ளைகளோடு அதே அறையில் வளர்ந்தது. சங்கிலி போட்டதில்லை, அடித்ததில்லை என்று ராஃபிள்ஸே பதிவு செய்திருக்கிறார். சாப்பாட்டு மேசைக்கும் அடிக்கடி வரும். பழம் என்றால் மங்குஸ்தீன் மட்டும்தான் தொடும், மது என்றால் ஷாம்பெயின் மட்டும்தான் குடிக்கும். ஒரு நாள் ஷாம்பெயின் இல்லாமல் போனபோதுதான் அது கோபப்பட்டுப் பார்த்தாராம். கரடி, பூனை, நாய், சின்ன நீலக் கிளி ஒன்று, எல்லாம் ஒரே தட்டில் சாப்பிடும். நாய் எவ்வளவு சீண்டினாலும் கரடி விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும்.

சோஃபியா பின்னாளில் எழுதிய நூலில் இன்னொரு காட்சி. பிள்ளைகளின் அறையில் கரடியோடு இரண்டு புலிக்குட்டிகளும் கூண்டில்லாமல் கொஞ்ச காலம் இருந்தன. பிள்ளைகள், கரடி, புலிகள், பூனை, கிளி எல்லாம் ஒன்றாக விளையாடும். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் பயந்தது கிளியின் அலகுக்கு மட்டும்தான்!

கரடி வளர்ந்தது. தோட்டத்தில் உலாவும்போது, தன் கைக்குள் அடங்காத பெரிய வாழைமரத்தைக் கட்டிப்பிடித்து வேரோடு பிடுங்கிப் போட ஆரம்பித்தது. இரண்டு ஆண்டுகள் அதை வைத்திருந்ததாக ராஃபிள்ஸ் எழுதுகிறார். 1821-இல் அந்த இனத்துக்கு மலாய நாட்டின் பேரையே சேர்த்து அறிவியல் பேர் வைத்தார். பத்துமலைப் படியில் நம்ம கையில் இருக்கிற வாழைப்பழத்தைப் பறிக்கிற நீண்ட வால் குரங்கு இருக்கே, அதற்கு அறிவியல் பேர் வைத்தவரும் இவரேதான்.

இந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1821 நடுவில் மூத்த மகன் லியோபோல்டு நோயில் இறந்தான். 1822 ஜனவரியில், இரண்டு வாரத்துக்குள் இன்னொரு மகனும், மூத்த மகள் சார்லட்டும் போனார்கள். மிஞ்சிய ஒரே குழந்தை எல்லாவை உயிர் பிழைத்தால் போதும் என்று தாதியோடு இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1823-இல் ஃப்ளோரா பிறந்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவளும் இறந்தாள். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் பென்கூலன் மண்ணில். கரடியும் புலியும் துள்ளி விளையாடிய அந்த அறை எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க. காட்டு விலங்கு எதுவும் அந்தப் பிள்ளைகளை ஒன்றும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்தான் கொண்டுபோனது.

1824 பிப்ரவரி 2-ஆம் தேதி ராஃபிள்ஸும் சோஃபியாவும் 'ஃபேம்' என்ற கப்பலில் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த ஓவியங்கள், கையெழுத்துப் படிகள், வரைபடங்கள், உயிருள்ள விலங்குகள், பறவைகள் எல்லாம் கப்பலில். அன்று இரவே தீப்பிடித்தது. பீப்பாயிலிருந்து மது எடுக்கப் போனவர் கையில் இருந்த விளக்குதான் காரணம். மனிதர்கள் எல்லாரும் படகில் ஏறித் தப்பினார்கள். விலங்குகளுக்குப் படகு இல்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கரைக்குத் திரும்பிய ராஃபிள்ஸ் தலையில் கை வைத்து உட்காரவில்லை. உடனே சுமத்ரா வரைபடத்தை மறுபடி வரையத் தொடங்கினார். ஓவியர்களை வேலைக்கு வைத்தார். காட்டுக்கு ஆள் அனுப்பினார். இளைஞர்களே, அந்த மனிதரிடம் நாம் கத்துக்க வேண்டிய ஒரு விஷயம் இது. தேர்வில் தோற்றுவிட்டால், வியாபாரம் படுத்துவிட்டால், உலகமே முடிஞ்ச மாதிரி இருக்கிறோமே, அதற்காகச் சொல்கிறேன்.

அதே ஆண்டு மார்ச்சில் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் லண்டனில் ஒப்பந்தம் போட்டு, பென்கூலனைக் கொடுத்து மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள். 1825-இல் பென்கூலனில் இருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார்கள். அந்த ஊரின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்கள் வியர்வை இருக்கிறது.

லண்டனில் ராஃபிள்ஸ் 1826 ஏப்ரலில் விலங்கியல் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். ரீஜண்ட் பூங்காவில் இன்றும் இருக்கும் விலங்குக் காட்சிசாலை அதன் பலன். அதே மாதம் கம்பெனி அவரிடம் 22,000 பவுனுக்கும் மேல் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. 1826 ஜூலை 5, நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், மூளையில் ஏற்பட்ட கோளாறால் காலமானார். சங்கத்தின் காட்சிசாலை திறந்ததை அவர் பார்க்கவே இல்லை.

சரி, இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கு?

ராஃபிள்ஸ் அந்தக் கரடியை நேசித்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேசம் கரடிக்கு ஷாம்பெயின் பழக்கியது, குரங்குக்குக் காற்சட்டை மாட்டியது, விலங்குகளைக் கப்பலில் ஏற்றித் தீயில் கொண்டுபோய் விட்டது. அவர் காலத்தில் காடு முடிவே இல்லாததாகத் தெரிந்தது. ஒரு குட்டி போனால் ஆயிரம் குட்டி இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. சூரியக் கரடி அழியும் அபாயத்தில் உள்ள இனம். வீட்டில் வளர்க்க ஒரு குட்டி வேண்டுமென்றால், பெரும்பாலும் தாயைக் கொன்றுதான் பிடிக்கிறார்கள். நம்ம 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. வைத்திருந்தால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்ம பிள்ளைகள் கைப்பேசியில் விலங்குக் குட்டி விற்கிற பக்கங்களைப் பார்க்கத்தான் செய்யறாங்க. நீர்நாய்க்குட்டி, தேவாங்கு, ஆந்தை. அழகா இருக்கு, வாங்கலாமான்னு கேக்கறாங்க. என் பதில் ஒண்ணுதான். நம்ம சாமிகளைப் பாருங்க. முருகனுக்கு மயில், ஐயப்பனுக்குப் புலி, பிள்ளையாருக்கு மூஞ்சூறு. இராமனுக்குத் துணை நின்ற ஜாம்பவான் கரடி வேந்தன். எந்தச் சாமியும் தன் வாகனத்தைக் கூண்டில் அடைத்து வைக்கவில்லை. பக்கத்தில் நிற்க வைத்து மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் பத்துமலைக்குப் போனால் குரங்குக்குத் தீனி போட்டுப் பழக்காதீங்க. கரடி பார்க்க ஆசையா? உலு கிள்ளானில் 1963 முதல் இருக்கும் தேசிய விலங்குக் காட்சிசாலைக்குத் தம்பி தங்கைகளைக் கூட்டிட்டுப் போங்க. யாராவது காட்டு விலங்கை விற்றால், பங்கு போட்டு வாங்காமல் வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்க. உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குட்டி தாயோடு காட்டிலேயே இருந்துவிடும். அந்தப் புண்ணியம் போதும்.