அம்மை தடுத்த அண்ணல் பால்மிஸ்

அம்மைத் தடுப்பு என்றதும் நமக்கு ஜென்னர் நினைவுக்கு வருவார். அம்மருந்தைக் கடல் கடந்து கொண்டு சென்றவர், 1753-இல் ஸ்பெயின் நாட்டு அலிகாந்தே நகரில் பிறந்த மருத்துவர் பால்மிஸ் ஆவார்.

1803-இல் அவர் கப்பலேறியபோது, வழியில் மருந்து கெடாதிருக்க 22 சிறுவர்கள் உடன் சென்றனர், பெரும்பாலோர் அநாதைகள். ஒருவன் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரே அடுத்தவனுக்கு மருந்தாயிற்று. அவர்களைத் தாயெனக் காத்தவர் இசபெல் அம்மையார். அவருடைய மகனும் அவர்களுள் ஒருவன்.

சென்ற இடங்களில் பால்மிஸ் அம்மை குத்தியதோடு நிற்கவில்லை. தாம் போன பின்பும் பணி தொடர, உள்ளூர் மருத்துவர்களுக்குக் கற்பித்தார், நூல்கள் வழங்கினார், குழுக்கள் அமைத்தார். சிறுவர்களோ மெக்சிகோவிலேயே விடப்பட்டனர்.

1819-இல் பால்மிஸ் மறைந்தார். 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊசிக்குக் கை நீட்டும் நாம், அன்று கை நீட்டிய அச்சிறுவர்களையும் நன்றியோடு நினைப்போமாக!