டார்வினின் நான்கு மணி நேரம்

தேர்வு நெருங்கிவிட்டால் விடுதி அறைகளில் விளக்கு அணைவதில்லை. பிளாஸ்கில் தேநீர், தலையில் ஈரத்துண்டு, மேசைமீது ஆண்டு முழுவதும் தொடப்படாத புத்தகங்கள். அடியேனும் அப்படிப் படித்தவன்தான். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு மூன்று இரவுகள் தொடர்ந்து கண்விழித்தேன். நான்காம் நாள் காலை தேர்வுக் கூடத்தில் அமர்ந்தபோது, நன்றாகத் தெரிந்த வினாவுக்குக்கூட விடை நினைவுக்கு வரவில்லை. அந்த விடுமுறையில்தான் சார்லஸ் டார்வினின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. பரிணாமக் கொள்கையால் உலகின் எண்ணத்தையே மாற்றிய அந்த அறிஞர், தம் நடுவயது முதல் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமே எழுத்திலும் ஆய்விலும் ஈடுபட்டார் என்பது எனக்குப் பெரும் வியப்பை அளித்தது.

1809 பிப்ரவரி 12 இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில், செல்வம் மிக்க மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் டார்வின். மாணவப் பருவத்தில் அவரைக் கண்டு யாரும் வியந்ததில்லை. எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சென்றவர், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைக் காணப் பொறாமல் வெளியேறினார். பட்டம் பெறாமலே திரும்பினார். கேம்பிரிட்ஜில் வேட்டையிலும் வண்டு சேகரிப்பதிலும் பொழுதைக் கழித்தார். படிப்பில் நடுத்தரமாக உள்ள நம் போன்றோருக்கு இது சற்று ஆறுதல்!

உழைக்கும் ஒழுங்கை அவருக்குக் கற்பித்தது பீகிள் என்னும் கப்பல். 1831 டிசம்பர் 27 முதல் 1836 அக்டோபர் 2 வரை அக்கப்பலே அவர் வீடு. இடமோ மிகக் குறுகியது. கடல் பயணமோ அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல் வந்தால் மேசையை விட்டுச் சென்று படுத்துக்கொள்வார். தெளிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கிடைத்த சில நிமிடங்களையும் பயன்படுத்துதல், ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய இடத்தில் வைத்தல் ஆகிய இரண்டு பழக்கங்களும் அங்கே படிந்தன.

நாடு திரும்பிய சில ஆண்டுகளில் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. வாந்தி, தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை. அந்நோய் எது என்பதில் மருத்துவ அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1839 இல் எம்மா வெட்ஜ்வுட் அம்மையாரை மணந்தார். 1842 இல் இலண்டனை விட்டுக் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். மறையும்வரை நாற்பது ஆண்டுகள் அவர் அங்கேயே வாழ்ந்தார்.

அந்த வீட்டில் அவருடைய ஒரு நாளைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். அதிகாலையில் எழுந்து சிறிது உலாவுவார். சிற்றுண்டி முடித்து எட்டு மணிக்கு ஆய்வறையில் அமர்வார். எட்டு முதல் ஒன்பதரை வரையிலான பொழுதே தமக்கு மிகச் சிறந்தது என்று அவர் கண்டிருந்தார். எனவே கடினமான வேலையை அப்போதே செய்வார். பிறகு கூடத்துக்கு வந்து அன்றைய கடிதங்களைப் பார்ப்பார். சாய்வு மெத்தையில் படுத்துக்கொள்ள, வீட்டார் நாவல் படித்துக் காட்டுவார்கள். பத்தரை மணிக்கு மீண்டும் வேலை. பன்னிரண்டு மணி அளவில் அன்றைய முக்கிய வேலை முடிந்ததாகவே கருதுவார்.

அதன்பின் மழையானாலும் வெயிலானாலும் நடை. தோட்டத்தின் ஓரத்தில் மரங்களை நட்டு, அவற்றைச் சுற்றி மணல் பரப்பிய பாதை ஒன்றை அமைத்திருந்தார். எத்தனை சுற்று நடப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பாதையோரம் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லை உதைத்துத் தள்ளுவார். மனம் சிந்தனையில் இருக்க, எண்ணும் வேலையைக் கற்கள் பார்த்துக்கொண்டன. நண்பகல் உணவுக்குப் பின் செய்தித்தாள், கடிதங்கள்; மூன்று மணிக்கு ஓய்வும் நாவலும்; நான்கு மணிக்கு மீண்டும் உலா. நாலரை முதல் ஐந்தரை வரை ஒரு மணி நேரம் வேலை. அத்துடன் சரி.

இரவு உணவுக்குப் பின் மனைவியுடன் பேக்காமன் என்னும் காய் நகர்த்தும் ஆட்டம் இரண்டு ஆடுவார். இந்த ஆட்டத்துக்கும் ஆண்டுக்கணக்காகக் கணக்கு வைத்திருந்தார். 1876 இல் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மனைவி வென்றவை 2490, தாம் வென்றவை 2795 என்று தெரிவித்திருக்கிறார். விளையாட்டிலும் விஞ்ஞானி விஞ்ஞானிதான்!

சோர்வு வந்தபின் நிறுத்துவது எவருக்கும் இயலும். அவரோ வருமுன் நிறுத்துவார். கடிதத்தைச் சொல்லி எழுதச் செய்யும்போதே, இதற்கு மேல் கூடாது என்று உணர்ந்தால் பாதியில் விட்டுவிடுவார். ஆனால் மறுநாள் எட்டு மணிக்கு மேசைமுன் இருப்பார். ஞாயிறும் திங்களும் அவருக்கு ஒன்றே.

இவ்வளவு குறைந்த நேரத்தில் அவ்வளவு நூல்கள் எப்படி எழுந்தன? முப்பது நாற்பது பெரிய உறைகளில், பொருள்வாரியாகக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தார். படித்த நூல்களின் இறுதியில் தமக்கு வேண்டிய செய்திகளுக்குப் பக்க எண்ணுடன் பட்டியல் எழுதுவார். ஒரு பொருளைப் பற்றி எழுதத் தொடங்குமுன் உரிய உறையை எடுத்தால், பல்லாண்டுச் செய்தி கையில் இருக்கும். தம் கருத்துக்கு மாறான செய்தி கிடைத்தால் உடனே குறித்துக்கொள்வார். அத்தகையவையே எளிதில் மறந்துபோகும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார்.

கப்பல் அடியிலும் பாறையிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்னும் உயிரிகளை 1846 முதல் எட்டாண்டுகள் ஆராய்ந்தார். இடையே 1849 இல் மால்வெர்னில் நீர்ச்சிகிச்சை பெற்றபோது, மருத்துவர் நாளுக்கு இரண்டரை மணி நேர வேலைக்கே இசைந்தார். அதுவே போதுமானதாயிற்று. அவர் பிள்ளைகளில் ஒருவர், அண்டை வீட்டுக்குச் சென்றபோது, அவ்வீட்டுத் தந்தை பார்னக்கிள் வேலையை எந்த அறையில் செய்வார் என்று கேட்டதாகச் சொல்வார்கள். எல்லாத் தந்தையருக்கும் அதுவே தொழில் என்பது குழந்தையின் எண்ணம்!

ஒருமுறை மட்டும் அவர் தம் அளவை மீற நேர்ந்தது. 1858 ஜூனில் வாலஸ் அனுப்பிய கட்டுரை வந்தது. இருபதாண்டுகளாகத் தாம் வளர்த்த கருத்தையே அதில் கண்டு திகைத்தார் டார்வின். அதே மாதம் 28 ஆம் நாள் அவருடைய கைக்குழந்தை செங்காய்ச்சலுக்குப் பலியாயிற்று. அந்தத் துயரத்தினிடையே எழுதத் தொடங்கி, பதின்மூன்று மாதங்களில் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை முடித்தார். உடல் நொறுங்கிவிட்டது. 1859 நவம்பர் 24 இல் அந்நூல் வெளிவந்தபோது, அவர் யார்க்ஷயரில் இல்க்லி என்னும் ஊரில் நீர்ச்சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அந்த அவசரம் இன்றியமையாததே. ஆயினும் அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

இங்கு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. டார்வினுக்குத் தந்தையின் செல்வம் இருந்தது. வேலைக்காரர்கள் இருந்தனர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, மூவரைப் பறிகொடுத்து, நோயாளிக் கணவரையும் பேணிய எம்மா அம்மையார் இருந்தார். அதிகாலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வரும் நண்பரிடம் பகல் உறக்கத்தைப் பற்றிப் பேசினால் அவர் சிரிப்பார். எனினும் குறிப்பு உறைகளுக்கும், காலையின் முதல் ஒன்றரை மணிக்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வாண்டு பழைய அட்டைப்பெட்டியில் உறைகள் செய்து வைத்திருக்கிறேன். பலன் தேர்வு முடிவில் தெரியும்.

அவருடைய பொறுமைக்கு மண்புழுக்கள் சான்று. 1842 இல் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 1871 இல், 29 ஆண்டுகள் கழித்து அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தார். மண்புழுக்கள் மேலே கொணர்ந்த மண்ணால் அவை ஏழு அங்குல ஆழத்தில் வெண்கோடாகக் கிடந்தன. அந்த ஆய்வு 1881 இல் நூலாயிற்று. அதுவே அவர் எழுதிய கடைசி நூல்.

அடுத்த ஆண்டு நெஞ்சுநோய் முற்றியது. ஏப்ரல் 17 அன்று, வெளியூர் சென்றிருந்த மகன் பிரான்சிஸ் நடத்திவந்த சோதனை ஒன்றைத் தாமே பார்வையிட்டு, அதன் நிலையைக் குறித்து வைத்தார். 19 ஆம் நாள் காலமானார்.